நாடியா, மூச்சா?

அறுவை மேசையில் மயங்கிக் கிடப்பவர் தம் நெஞ்சு நோவதை வாய்விட்டுச் சொல்ல இயலாது. அவருக்காக வேறொருவர் விழித்திருக்க வேண்டும். உடலைத் துளைக்காமல், வெளியிலிருந்தே இருதயத்தைக் காவல் காப்பது எங்ஙனம்? இவ்வினாவின் வரலாற்றில் நம் நாட்டு நகரம் ஒன்றுக்கும் பங்குண்டு.

1847-ல் குளோரோபாரம் வழக்கத்துக்கு வந்தது. மறு ஆண்டே இங்கிலாந்தில், கால் நகத்தை எடுப்பதற்காக மயக்கம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி ஹன்னா கிரீனர் சில நிமிடங்களில் இறந்தாள். முதலில் நிற்பது மூச்சா, இருதயமா என்ற வாதம் எழுந்தது. மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டுவதில்லை என்றார் ஹைதராபாத்திலிருந்த டாக்டர் எட்வர்டு லாரி. 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் அங்கே கூடிய ஆய்வுக் குழுக்கள் பிராணிகளைக் கொண்டு சோதித்து, அவர் கருத்தையே உறுதிசெய்தன. ஆனால் குறைந்த அளவு குளோரோபாரத்திலும் பூனையின் இருதயம் தாறுமாறாகத் துடித்துத் திடீரென நின்றுவிடலாம் என்று 1911-ல் ஏ. ஜி. லெவி காட்டினார். ஆகவே நாடி, மூச்சு இரண்டுக்குமே காவல் தேவையாயிற்று.

இன்று மார்பில் ஒட்டும் மின்முனைகள் இருதயத்தின் மின் அலையைத் திரையில் வரைகின்றன. எனினும், மின் அலை இருந்தும் இரத்தம் ஓடாமற் போவதுண்டு. இரத்தம் விரல் நுனியை எட்டுகிறதா, அதில் பிராணவாயு உள்ளதா என்று காட்டுவது விரலைக் கவ்வும் ஆக்ஸிமீட்டர் என்னும் சிறு கருவியே.

அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்துகிறது. பிராணவாயு குறைந்த இரத்தம் சிவப்பு ஒளியை மிகுதியாக விழுங்கும். தோலும் எலும்பும்கூட ஒளியை விழுங்குமே, அவற்றை எப்படிப் பிரிப்பது? ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி, காதில் ஒளி பாய்ச்சி வேறோர் அளவை எடுக்க முயன்றபோது நாடித் துடிப்பு இடையூறாக நின்றது. அத்துடிப்பையே அவர் பயனாக்கினார். துடிப்போடு ஏறி இறங்கும் ஒளி தமனி இரத்தத்தினுடையது, மாறாதிருப்பது மற்றவற்றினுடையது. 1974-ல் அவர் இதை வெளியிட்டார். நாடியும் பிராணவாயுவும் ஒரே விரல் நுனியில் அகப்பட்டன.

இக்கணக்குப்படி தோலின் நிறம் முடிவைப் பாதிக்கலாகாது. ஆனால் பாதிக்கிறது. 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மறைந்திருந்த பிராணவாயுக் குறைவை இக்கருவி காட்டத் தவறியது வெள்ளையரைவிடக் கறுப்பரிடம் ஏறத்தாழ 3 மடங்காக இருந்தது. நம்மவருள் பலரும் கருநிறத்தவர் அன்றோ? திரையில் எண் நன்றாயிருந்தும் நோயாளியின் நிலை ஐயத்துக்கிடமானால், இரத்தத்தையே எடுத்துச் சோதிப்பதுதான் முறை. எல்லா நிறத்தாருக்கும் ஒன்றுபோல் உண்மை சொல்லும் கருவியைச் செய்வது ஒளியியலும் மின்னணுவியலும் பயிலும் நண்பர்கள் கைக்கொள்ளத்தக்க பணியாகும்.