கச்சான் காலத்தில் மூச்சைப் பழக்குவோம்

வெல்லாவெளிப் பக்கத்தில் கச்சான் வீசத் தொடங்கினால் சொல்லவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, நமது பக்கம் இறங்கும்போது ஈரமிழந்து சூடேறி வருகின்றது. சிறுபோக வயலில் முகத்தைச் சுடும் காற்று இதுதான்.

சொந்த வளவில் இருப்பவருக்கு மரநிழலும் கிணறும் உண்டு. இடம்பெயர்ந்தவருக்கு என்ன உண்டு? 2007 மார்ச்சில் போரினால் படுவான்கரையிலிருந்து ஏராளமான குடும்பங்கள் எழுவான்கரைக்கு வந்து தறப்பாள் கொட்டில்களில் தங்கியதை நாம் மறக்கவில்லை. 2011 தை மாத வெள்ளமும் பலரை மீண்டும் வீட்டைவிட்டுக் கிளப்பியது. தறப்பாளின் கீழே வெக்கை ஒருபுறம், விட்டுவந்த வயலையும் மாட்டையும் பற்றிய யோசனை மறுபுறம். இரண்டும் சேர்ந்தே நித்திரையைக் கெடுக்கின்றன. காசு செலவில்லாத ஒரு சிறு பழக்கத்தை இப்பாடத்தில் கற்போம்.

மூச்சு என்ன செய்யும்?

வியர்வை காயும்போது உடற்சூட்டை எடுத்துச் செல்கின்றது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், நாய் நாக்கை நீட்டி இரைப்பதும் இவ்விதமே. ஈரமான நாக்கின் மேலாகக் காற்றை இழுத்தால் வாயும் தொண்டையும் குளிர்கின்றன. யோகநூலார் இதனைச் 'சீதளி' என்பர். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: இதனால் முழு உடம்பின் சூடும் இறங்கிவிடாது. பெரிய நன்மை வேறு. வெளிமூச்சை நீட்டி விடும்போது நெஞ்சுத் துடிப்புத் தணிகின்றது, பதற்றமும் குறைகின்றது.

முதலாவது பயிற்சி: நீண்ட வெளிமூச்சு

1. நிழலில், காற்றுப்படும் இடத்தில் இருங்கள். இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள்.
2. ஒரு கையை வயிற்றில் வையுங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் மெதுவாக இழுங்கள். வயிறு எழும்பவேண்டும்.
3. மூச்சை அடக்காமல், ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். விநாடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும்.
4. ஐந்து நிமிடம் போதும். கடினமாக இருந்தால் மூன்றுக்கு நான்கு என்று தொடங்குங்கள்.

இரண்டாவது பயிற்சி: சீதளி

1. வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள்.
2. நாக்கைக் குழல்போல் மடித்துச் சற்று வெளியே நீட்டி, அதனூடாகக் காற்றை இழுங்கள்.
3. வாயை மூடி, மூக்கால் மெதுவாக விடுங்கள். எட்டு அல்லது பத்துத் தடவை செய்யலாம்.

எல்லோருக்கும் நாக்கு மடியாது. மடியாதவர்கள் பற்களை மெல்லச் சேர்த்து, அவற்றின் இடைவெளியால் இழுக்கலாம்.

கவனிக்கவேண்டியவை

வாயால் இழுக்கும் காற்றை மூக்கு வடிகட்டுவதில்லை. ஆகவே சூடடிக்கும் களத்திலும் அடுப்புப் புகையிலும் சீதளி வேண்டாம். தொய்வு, தடிமல் உள்ளவர்களும் அதைத் தவிர்க்கவேண்டும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வழக்கம்போல் மூச்சு விடுங்கள்.

கண்ணை மூடினால் பழைய பயங்கரங்கள் முன்னே வருகின்றன என்போர் உண்டு. அவர்கள் கண்ணை மூடவேண்டாம். ஒரு மரத்தையோ வாவியையோ பார்த்துக்கொண்டே செய்யலாம். பயமும் நித்திரையின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். அதில் வெட்கமில்லை.

தண்ணீருக்கும் நிழலுக்கும் மூச்சுப் பயிற்சி ஈடாகாது. தாகம் எடுக்குமுன்பே குடியுங்கள். நடுப்பகல் வயல்வேலையைக் காலைக்கும் பின்னேரத்துக்கும் மாற்றுங்கள். வெயிலில் ஒருவர் புத்தி தடுமாறினாலோ மயங்கினாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ அது ஆபத்து. அவரை நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

கூடிப் பேசுவோம்

1. நமது வீட்டில் வெக்கையால் அதிகம் வருந்துபவர் யார்? முதியவரா, கைக்குழந்தையா, அடுப்படியில் நிற்கும் தாயா?
2. ஒரு கிழமைக்குப் படுக்குமுன் முதலாவது பயிற்சியைச் செய்து பாருங்கள். நித்திரையில் என்ன மாற்றம்?
3. நமது இருப்பிடத்தில் எல்லோரும் ஒதுங்கக்கூடிய ஒரு நிழலை நாமே எங்கே அமைக்கலாம்?

வயலும் வளவும் கைவிட்டுப் போன காலத்திலும் மூச்சு நம்மிடமே இருந்தது. அதை நிதானமாக விடப் பழகுவோம்.