ரூஜ் காட்டில் நடக்கப் போகிறீர்களா?

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும் எங்கள் வீடுகள் பலவற்றிலிருந்து காரில் கால் மணி நேரம் போனால் ஒரு தேசியப் பூங்கா வந்துவிடும். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா 2015இல் தனிச் சட்டத்தின் கீழ் உருவானது. இந்த வகையில் கனடாவின் முதல் பூங்கா அதுதான். 79 சதுர கிலோமீற்றருக்குக் காடு, ஆறு, சதுப்பு, பண்ணை நிலம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. அப்படியிருந்தும் மிருகக்காட்சிச் சாலைக்குப் போகிற வழியில் கார்க் கண்ணாடியூடாகப் பார்ப்பதோடு பலருக்கு அந்தக் காடு முடிந்துவிடுகிறது. கோடையில் ஊரிலிருந்து வந்து, பிள்ளைகள் வேலைக்குப் போனபின் நாளெல்லாம் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிற அம்மா அப்பாக்களையும் நினைத்துத்தான் இந்தக் குறிப்புகள்.

1. பாதையைத் தூரத்தை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள். ஏற்ற இறக்கம் எப்படி என்று பாருங்கள். விஸ்ரா பாதை ஒன்றரைக் கிலோமீற்றர்தான். கேட்டால் சின்ன நடை போலத் தோன்றும், ஆனால் வழியில் நல்ல மேடு பள்ளம் உண்டு. முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் சமதரையில் மூன்று கிலோமீற்றர் நடப்பது, மேட்டில் ஒன்றரைக் கிலோமீற்றர் நடப்பதைவிடச் சுகம்.

2. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ரூஜ் பீச். லோறன்ஸ் அவெனியூ கிழக்கு நோக்கிப் போய் முடிகிற இடம். ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலப்பதை அங்கே நின்று பார்க்கலாம். ஆற்றின் முகத்துவாரத்தில் பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. நாரை இனப் பறவைகள் அசையாமல் நிற்பதைப் பார்க்க அவசரமில்லாத கண் வேண்டும், அது ஊரிலிருந்து வந்த பெரியவர்களிடம் தாராளமாக இருக்கிறது. ரூஜ் ஹில் கோ ரயில் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் கார் ஓடாதவர்களும் போகலாம். கோடை வார இறுதிகளில் வாகனத் தரிப்பிடம் சீக்கிரம் நிரம்பிவிடும். காலையிலேயே போய்விடுங்கள்.

3. ஸ்ரோலரோ சக்கர நாற்காலியோ கொண்டு போவதென்றால் ரூஜின் மண்பாதைகளை விட்டுவிட்டு மோர்னிங்சைட் பூங்காவுக்குப் போங்கள். ஹைலன்ட் கிறீக் ஓரமாகத் தார் போட்ட பாதை ஏரிப் பக்கம் நோக்கி நீள்கிறது. சைக்கிள்காரர்களுக்கும் அதே பாதைதான், ஆகவே வலப்பக்கமாக நடவுங்கள். குடும்பமாகப் போகும்போது பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு நடக்கிற எங்கள் பழக்கத்தை அங்கே கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

4. ஹைலன்ட் கிறீக் ஆற்றுக்குப் போக நல்ல காலம் செப்ரெம்பர் கடைசியும் ஒக்ரோபர் தொடக்கமும். முட்டையிடுவதற்காக ஏரியிலிருந்து சினூக் சால்மன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வரும். கையளவு நீளமல்ல, கையைவிட நீளமான மீன்கள். இவை இந்த ஏரிக்கு உரியவையும் அல்ல. இங்கிருந்த அத்திலாந்திக் சால்மன் 19ஆம் நூற்றாண்டின் முடிவோடு அழிந்துபோனது. இன்று நாம் பார்ப்பது பின்னாளில் கொண்டுவந்து விட்ட பசிபிக் பக்கத்து இனம். மிதமான மழை பெய்த மறுநாள் மீன் வரத்துக் கூடும். பிள்ளைகளை ஆற்றுக்குள் இறங்கவோ கல்லெறியவோ விடாதீர்கள். நாயையும் கட்டியே வைத்திருங்கள்.

5. கொஞ்சம் பழகியபின் மாஸ்ற் பாதை. கிங்ஸ்ரன் றோட் பக்கமுள்ள கிளென் ரூஜ் முகாம் தளத்திலிருந்து ருவின் றிவர்ஸ் டிரைவ் வரை 2.2 கிலோமீற்றர். பாய்மரக் கப்பல்களின் கொடிமரங்களுக்காக உயரமான மரங்களை வெட்டி இழுத்துச் சென்ற, ஏறத்தாழ 200 ஆண்டுப் பழைய வழி அது. ஒருவழிப் பாதை என்பதை மறக்க வேண்டாம், போன தூரம் முழுவதும் திரும்பவும் நடக்க வேண்டும். இரண்டு கார் இருந்தால் ஒன்றை மறுமுனையில் விட்டுவிடலாம். ஒக்ரோபர் நடுப்பகுதியில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் விஸ்ரா பாதையின் மரப் பார்வை மேடைக்குப் போகலாம். ஆனால் தாங்க்ஸ்கிவிங் வார இறுதியில் வேண்டாம், நகரமே அங்கே நிற்கும்.

6. புதிய சப்பாத்தைக் காட்டில் பழக்காதீர்கள். ஒரு வாரம் வீட்டைச் சுற்றி நடந்து பழகுங்கள். விலை கூடிய மலையேற்றப் பூட்ஸ் இந்தப் பாதைகளுக்குத் தேவையில்லை. அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற, விரல் மூடிய சப்பாத்துப் போதும். செருப்பு மட்டும் வேண்டாம். பருத்திக் காலுறை நனைந்தால் காயாது, கொப்புளம் போடும். கம்பளி கலந்தது நல்லது.

7. இந்தக் காட்டில் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: உண்ணி. ஓநாய்க்கோ பாம்புக்கோ அல்ல. கருங்கால் உண்ணி ரூஜ் பகுதியில் நிலைகொண்டிருக்கிறது, லைம் நோயைப் பரப்பக்கூடியது அதுதான். குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். கடித்தாலும் நோகாது, அதுதான் தொல்லை. கோடையில் மட்டும் இருக்கிறது என்று நினைக்கவும் வேண்டாம். வெப்பநிலை 4 பாகைக்கு மேல் போனாலே அது நடமாடத் தொடங்கும், ஆகவே ஏப்ரலிலும் நவம்பரிலும்கூடக் கவனம் தேவை. மரத்திலிருந்து குதிப்பதில்லை. புல் நுனியிலும் பற்றை இலையிலும் தொங்கிக்கொண்டிருந்து உரசிப்போகிறவர்கள் மேல் ஒட்டிக்கொள்ளும். பாதையின் நடுவில் நடப்பதே பாதிப் பாதுகாப்பு. நீளக் காற்சட்டை போட்டு அதன் கீழ்நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். வெளிர் நிற உடுப்பில் உண்ணி ஊர்ந்தால் கண்ணில் படும். டீட் அல்லது இகாரிடின் உள்ள பூச்சித் தைலம் பூசிக்கொள்ளுங்கள். 2 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு டீட் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் போத்தலின் பின்புறத்தை வாசித்து வாங்குங்கள்.

8. வீட்டுக்கு வந்ததும் உடுப்பைக் கூடையில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். போட்டிருந்த உடுப்பைக் கழுவுமுன்பே டிரையரில் போட்டு உயர்ந்த சூட்டில் 10 நிமிடம் ஓட விடுங்கள், ஒளிந்திருக்கும் உண்ணி காய்ந்து செத்துவிடும். சலவை இயந்திரத்தில் தண்ணீரால் மட்டும் சாகாது. இரண்டு மணித்தியாலத்துக்குள் குளித்துவிட்டு உடம்பைப் பாருங்கள்: முழங்காலின் பின்புறம், அக்குள், தொப்புள், காதின் பின்புறம், தலைமயிருக்குள். நீளமான கூந்தல் உள்ளவர்கள் இன்னொருவரைக் கொண்டு பார்ப்பிப்பது நல்லது. ஈர் பார்த்த கைகளுக்கு இது பெரிய வேலையா?

9. உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டினாற்போல் அதன் தலைப்பகுதியைப் பிடித்து, திருகாமல், நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி, எண்ணெய், வாஸ்லீன் எல்லாம் ஊரில் மாட்டுக்குச் செய்த வைத்தியம். இங்கே அதைச் செய்தால் உண்ணி தன் வயிற்றில் உள்ளதை உங்கள் இரத்தத்துக்குள் கக்கக்கூடும். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உண்ணியைச் சின்னப் போத்தலில் போட்டு மூடி, திகதியை எழுதி வையுங்கள். 24 மணித்தியாலத்துக்கு மேல் ஒட்டியிருந்தது என்று சந்தேகம் இருந்தால் தாமதிக்க வேண்டாம். தடுப்பு மருந்து கொடுப்பதென்றால், கழற்றி எடுத்து 72 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். குடும்ப வைத்தியரிடம் நாள் கிடைக்கவில்லையே என்று தவிக்கவும் தேவையில்லை. ஒன்ராறியோவில் 2023 முதல் மருந்துக் கடையிலுள்ள மருந்தாளரே இதற்கு மருந்து எழுதித் தரலாம். அடுத்த ஒரு மாதத்துக்குள் வட்டமான சிவப்புத் தடிப்போ காய்ச்சலோ வந்தால் வைத்தியரிடம் போய், உண்ணி கடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

10. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம் என்றால் தொடாதீர்கள், அது பொய்சன் ஐவியாக இருக்கலாம். அதன் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளித்துப் பல நாள் அரிக்கும். உடனே சவர்க்காரமும் குளிர்ந்த நீரும் போட்டுக் கழுவுங்கள். சப்பாத்துக் கயிறு, நாயின் உரோமம், கைத்தடி ஆகியவற்றிலும் அந்த எண்ணெய் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

11. அம்மாமாருக்கு ஒரு தனி வேண்டுகோள். சக்கரவர்த்திக் கீரை இங்கே களையாக வளர்கிறது. கண்ட உடனே கை பரபரக்கும். பிடுங்க வேண்டாம். தேசியப் பூங்காவில் கீரை, காளான், பூ, விறகு எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். இன்னொன்று, வசந்தத்தில் காட்டு வெங்காயத் தாள் என்று நினைத்துப் பறிப்பது நஞ்சுள்ள லில்லி ஒஃப் த வலியின் இலையாகவும் இருக்கலாம், இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். கீரை வேண்டுமென்றால் மோர்னிங்சைட்டில் தமிழ்க் கடை இருக்கிறது.

12. காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட்ட வழக்கம் எங்களுக்கு. பூங்காவில் அதையும் நிறுத்த வேண்டியிருக்கிறது. பறவை, அணில், மான் எதற்கும் உணவு கொடுக்கக் கூடாது. கயோட்டி எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். ஓடினால் துரத்தத் தோன்றும் அதற்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கையை உயர்த்திச் சத்தம் போட்டு, முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்குங்கள். அநேகமாக அது உங்களுக்கு முன்னமே போய்விடும்.

13. சாப்பாடு: சொதி, குழம்பு வேண்டாம். றோல்ஸ், பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, பேரீச்சம்பழம் போதும். வியர்வையில் போன உப்பை வடை ஈடுசெய்யும், அது நான் கண்டுபிடித்த நியாயம். தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டு போங்கள், பாதையில் குழாய் இராது. கழிவறையும் எல்லாப் பாதை முகப்பிலும் இல்லை. குப்பைக்கு ஒரு பை.

14. பெருமழை பெய்த அன்றும் மறுநாளும் ஆற்றோரப் பாதைகளைத் தவிருங்கள். இந்தப் பள்ளத்தாக்குகள் ஏன் வீடில்லாமல் பச்சையாகக் கிடக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளியின் வெள்ளத்தில் ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவதைத் தடுத்து, நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கினார்கள். நாங்கள் உலாவுகிற இடம் ஆறு தனக்கென்று வைத்திருக்கிற இடம்.

15. ஸ்காபரோ பிளஃப்ஸின் உச்சி விளிம்பில் படம் எடுக்காதீர்கள். பாறை போலத் தெரிவது மணலும் களியும்தான். அடியில் அரித்துப்போய் மேலே புல் மட்டும் நிற்கிற இடங்கள் உண்டு. வேலியைத் தாண்டவே வேண்டாம். பிளஃப்ஸைக் கீழிருந்து பார்க்க டொறிஸ் மக்கார்த்தி பாதை ஏரிக்கரைக்கு இறங்குகிறது. மேட்டில் வீடு கட்டி வாழ்ந்த ஓவியரின் பெயர் அது. திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கும் என்பதைக் கணக்கில் வைத்து இறங்குங்கள்.

16. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பாதையெல்லாம் சேறு. சேற்றைத் தவிர்க்க ஓரப் புல்லில் மிதித்தால் பாதை ஆண்டுக்கு ஆண்டு அகன்றுகொண்டே போகும், காட்டுப் பூக்கள் முளைக்கிற ஓரமும் அதுதான். றப்பர் பூட்ஸ் போட்டு நடுவாலேயே நடவுங்கள்.

17. குளிர்காலத்திலும் போகலாம், இலை உதிர்ந்த காட்டில்தான் பள்ளத்தாக்கின் வடிவம் முழுதாகத் தெரியும். சப்பாத்தின் மேல் மாட்டுகிற முள்ளுள்ள றப்பர்ப் பட்டியை விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். மண்பாதைகளில் யாரும் பனி அள்ளி உப்புப் போடுவதில்லை. உறைந்த ஆற்றின் மேல் கால் வைக்க வேண்டாம். டிசெம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், காட்டுக்குள் இன்னும் முந்தி. போனைச் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள், குளிரில் பற்றறி திடீரென்று இறங்கும்.

18. வாகனத் தரிப்பிடத்தில் இருக்கும் வரைபடப் பலகையைப் போனில் படமெடுத்துவிட்டுப் புறப்படுங்கள். பள்ளத்தாக்கில் தொடர்பு போய்வரும். ஆங்கிலம் அதிகம் பேசாத பெரியவர்கள் தனியே நடப்பதென்றால், பாதையின் பெயரையும் அருகிலுள்ள தெருச் சந்தியின் பெயரையும் ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். 911ஐ அழைத்தால் முதலில் எங்கே என்றுதான் கேட்பார்கள். அழைக்கும்போது ‘தமிழ்’ என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். சூப்பர் விசாவில் வந்தவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி இருக்கும், அந்த அட்டையின் படமும் அவர்களுடைய போனில் இருக்கட்டும்.

19. தனியே போகத் தயங்குகிறவர்களுக்கு பார்க்ஸ் கனடா வழிகாட்டியோடு இலவச நடைகளை நடத்துகிறது. இணையத்தில் முன்பதிவு செய்யலாம். மார்க்கத்தில் இருப்பவர்கள் பொப் ஹன்ரர் நினைவுப் பூங்காவையும் பாருங்கள், அநேகமாகச் சமதரை. கிரீன்பீஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரின் பெயர் அதற்கு. பாலம், பாதை திருத்த வேலைகளுக்காக அடிக்கடி சில பகுதிகளை மூடுவார்கள். புறப்படுமுன் பூங்காவின் இணையப் பக்கத்தில் ஒருதரம் பாருங்கள்.

20. நனைந்த சப்பாத்தை ஹீற்றர் மேல் வைத்தால் பசை விட்டுவிடும். உள்தகட்டை வெளியே எடுத்துவிட்டு, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரவு ஒருமுறை மாற்றிவிடுங்கள். காலையில் காய்ந்திருக்கும்.