புல் வெட்டும் கருவிக்கு உதிரி பாகம் வாங்குமுன்

புல் அறுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் பெட்ரோல் கருவி இன்று சிறு விவசாயிகளின் வீடுகளுக்கும் வந்துவிட்டது. தென்னந்தோப்பின் களை, வரப்புப் புல், கறவை மாட்டுக்கான கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் எல்லாவற்றுக்கும் 'பிரஷ் கட்டர்' எனப்படும் இக்கருவியே பயன்படுகிறது. கருவி வாங்கும்போது நாலு பேரிடம் விசாரித்து வாங்கும் விவசாயி, பிளேடு தேய்ந்ததும் கடைக்குப் போய், "52 சி.சி. மிஷினுக்கு ஒரு பிளேடு கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறார். தவறு அங்கேதான் தொடங்குகிறது. சி.சி. என்பது எஞ்சின் சிலிண்டரின் கொள்ளளவு மட்டுமே. பிளேடின் நடுத்துளை, நட்டின் புரி, குழாயின் பருமன் ஆகியவற்றில் எதையும் அது சொல்வதில்லை.

முதலில் பிளேடைக் கவனிப்போம். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான பிளேடுகளின் குறுக்களவு 255 மி.மீ., அதாவது 10 அங்குலம். நடுத்துளை 25.4 மி.மீ., அதாவது ஓர் அங்குலம். ஆனால் 20 மி.மீ. துளை தேவைப்படும் கருவிகளும் உள்ளன. பிளேடை நடுவில் நிறுத்துவது நட்டு அல்ல. கியர் பெட்டியின் அடியில் உள்ள தட்டில் சிறிதளவு உயர்ந்து நிற்கும் வட்ட மேடுதான். அந்த மேட்டின் மீது துளை இறுக்கமாக, ஆட்டமின்றி உட்கார வேண்டும். 20 மி.மீ. மேட்டின் மீது 25.4 மி.மீ. துளை கொண்ட பிளேடை மாட்டினால், பிளேடு ஒரு பக்கமாக 2.7 மி.மீ. வரை ஒதுங்கிவிடும்.

பார்வைக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பிளேடு நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது அதன் பல்முனை நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. இந்த வேகத்தில் மையம் விலகிய பிளேடு கருவி முழுவதையும் உதறச் செய்கிறது. முதலில் கை மரத்துப் போகும். அடுத்து கியர் பெட்டியின் பேரிங் கெடும். அதற்கும் கவனிக்காமல் விட்டால் நட்டு தளர்ந்து பிளேடு கழன்று பறக்கும். அது போய்த் தாக்குமிடம் பெரும்பாலும் வெட்டுபவரின் கால் அல்லது அருகில் புல் அள்ளுபவரின் கால்தான்.

துளை பெரிதாக இருந்தால் தகரத் துண்டைச் சுற்றி அடித்து மாட்டுவது சில ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. இதை ஒருபோதும் செய்யக்கூடாது. துளையைச் சிறிதாக்கும் எஃகு வளையத்துடன் வரும் பிளேடுகள் உண்டு. அவற்றை வாங்கினாலும், வளையத்தின் தடிமன் பிளேடின் தடிமனை விட மிகாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வளையம் சற்றே தூக்கி நின்றாலும், அடித்தட்டு வளையத்தைத்தான் அழுத்துமே தவிர பிளேடை அழுத்தாது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை.

பிளேடின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும் உச்ச சுற்று வேகத்தையும் படிக்க வேண்டும். கருவியின் கையேட்டில் பிளேடு சுழலும் வேகமாகக் குறிப்பிட்டிருப்பதை விட அது குறைவாக இருத்தல் ஆகாது. வேகமே பொறிக்கப்படாத பிளேடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நட்டு விஷயத்திலும் ஏமாற வாய்ப்புண்டு. பெரும்பாலான கருவிகளில் பிளேடு நட்டு இடது புரி கொண்டது. நட்டை நேராகப் பார்த்தபடி கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால் கழலும். எதிர்த்திசையில் திருகினால் இறுகும். வேலை செய்யும்போது புல்லின் எதிர்ப்பு நட்டை மேலும் இறுக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வாறு அமைத்துள்ளனர். பல கருவிகளில் இந்தப் புரி 10 மி.மீ. பருமனும் 1.25 மி.மீ. இடைவெளியும் உள்ளது. இரும்புக் கடையில் கிடைக்கும் சாதாரண 10 மி.மீ. நட்டு வலது புரி, 1.5 மி.மீ. இடைவெளி. அதைப் பலவந்தமாக ஏற்றினால் தண்டின் புரியே அழிந்துவிடும். பிறகு ஒரு நட்டுக்காகக் கியர் பெட்டியையே மாற்ற நேரிடும். பழைய நட்டு கையாலேயே எளிதாகச் சுழல்கிறது என்றால் அதன் பூட்டும் தன்மை போய்விட்டது என்று பொருள். பிளேடு மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுவது நன்று.

எந்தப் பயிருக்கு எந்தப் பிளேடு என்பதையும் யோசித்து வாங்க வேண்டும். கோரை, அருகு போன்ற மெல்லிய புல்லுக்கும் தென்னை மரத்தைச் சுற்றிய இடத்துக்கும் நைலான் கயிறு ஏற்றது. முற்றிய புல்லுக்கு மூன்று பல் பிளேடு போதும். தடித்த நேப்பியர் தண்டுக்கு நிறைய பற்கள் கொண்ட வட்டப் பிளேடு நல்லது. முனையில் கார்பைடு ஒட்டிய 40 பல் பிளேடு நீண்ட நாள் கூர் மழுங்காது என்றாலும், கல் நிறைந்த வரப்பில் அதைப் போடக்கூடாது. ஒரு முனை பெயர்ந்தாலும் எடை சமன் கெட்டுவிடும். விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் வைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். நைலானுக்குப் பதிலாகச் சங்கிலி அல்லது கோத்த இரும்புத் துண்டுகள் மாட்டிய தலைகளும் அவ்வாறே. இத்தகைய தலைகளின் விற்பனையைத் தடை செய்யும்படி ஐரோப்பிய ஒன்றியம் 2012ஆம் ஆண்டில் தன் உறுப்பு நாடுகளுக்கு உத்தரவிட்டது.

அடிக்கடி கெடும் பாகத்தைத் திரும்பத் திரும்ப வாங்குவதற்கு முன், அது ஏன் கெடுகிறது என்று பார்க்க வேண்டும். கிளச் தேய்வது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காப்புத் தகட்டைக் கழற்றி வீசிவிட்டு வேலை செய்வோர் பலர். அந்தத் தகட்டின் ஓரத்தில் உள்ள சிறு கத்திதான் நைலான் கயிற்றை அளவோடு நறுக்குகிறது. அது இல்லாதபோது கயிறு நீண்டு, எஞ்சின் திணறி, கிளச் வழுக்கிச் சூடேறித் தேய்கிறது. இங்கே வாங்க வேண்டியது புதிய கிளச் மட்டுமல்ல, காப்புத் தகடும்தான். கயிற்றையும் 2.4, 2.7, 3.0 மி.மீ. என்ற பருமன்களில் கருவியின் தலைக்கு உரியதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

கியர் பெட்டி மாற்றுவோர் இரண்டு அளவுகளை எடுத்துச் செல்ல வேண்டும். வெளிக்குழாயின் பருமன் 26 மி.மீ. அல்லது 28 மி.மீ. ஆக இருக்கும். உள்தண்டின் முனையில் 7 பற்களோ 9 பற்களோ இருக்கும். எண்ணிக் குறித்துக் கொண்டால் போதும்.

எஞ்சின் பாகங்களில் ஒரு வேடிக்கை உண்டு. சந்தையில் மிகுதியாக உள்ள 43 சி.சி., 52 சி.சி. இரு வீச்சு எஞ்சின்கள் இரண்டிலும் பிஸ்டன் ஓடும் தூரம் 34 மி.மீ. தான். சிலிண்டரின் விட்டம் மட்டும் முன்னதில் 40 மி.மீ., பின்னதில் 44 மி.மீ. ஆகவே ஸ்டார்ட்டர் போன்ற வெளிப் பாகங்கள் பல ஒன்றுக்கொன்று பொருந்தலாம். பிஸ்டன், ரிங், சிலிண்டர் பொருந்தா. உறையில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாமல் பழைய பிஸ்டனை அளந்து வாங்குவதே சரி. ஸ்பார்க் பிளக்கில் புரியின் பருமன் மட்டுமல்ல, நீளமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். நீளம் கூடிய பிளக் பிஸ்டனின் தலையில் இடிக்கும்.

பெட்ரோல் குழாய்க்கும் இப்போது கவனம் தேவை. நாட்டில் 2025ஆம் ஆண்டு முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகக் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். சில ரப்பர்களை உப்பவும் வெடிக்கவும் செய்யும். எனவே குழாய், கார்புரேட்டரின் ரப்பர் சவ்வு ஆகியவற்றை வாங்கும்போது எத்தனால் தாங்கும் வகையா என்று கேட்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் கருவி சும்மா இருக்குமானால் டாங்கைக் காலி செய்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விட வேண்டும்.

கடைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கழுவித் துடைத்து உடன் எடுத்துச் செல்லுதல் நூறு விளக்கங்களுக்குச் சமம். பிளேடாக இருந்தால் மேடுள்ள தட்டையும் சேர்த்துக் கொண்டுபோய், கடையிலேயே பொருத்திப் பார்க்கலாம். கருவியை மானியத்தில் வாங்கியோர் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். அக்காலத்தில் வேறு பாகத்தை மாட்டினால் உத்தரவாதம் மறுக்கப்படலாம்.

புதிய பிளேடை மாட்டியதும் எஞ்சினை உடனே ஓட்டக்கூடாது. பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு, கருவியைப் படுக்க வைத்து, பிளேடின் ஓரத்துக்கு மிக அருகில் ஒரு குச்சியை ஊன்றி, கையுறை அணிந்து மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். எல்லாப் பற்களும் குச்சியிலிருந்து ஒரே தூரத்தில் கடந்தால் பிளேடு மையத்தில் உள்ளது. ஒரு பக்கம் குச்சியில் தட்டி மறுபக்கம் விலகினால் கழற்றித் துளையை மீண்டும் அளக்க வேண்டும். துளை தவறு என்றால் அன்றே கடையில் திருப்பிக் கொடுத்து மாற்றிக் கொள்ளலாம். அதற்கு ரசீது கையில் இருக்க வேண்டும்.