பேட்டரி மாறியது, கோளாறு மாறவில்லை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

"பேட்டரி போய்விட்டால் புதிது வாங்கி மாட்ட வேண்டியதுதானே, இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று நண்பர்கள் கேட்கலாம். சென்ற ஐப்பசி வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

எங்கள் ஊர் பேராவூரணிக்குப் பக்கம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. தந்தையார் விவசாயக் கூலி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நான் ஒருவனே. எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்டுபவர் தாய்மாமன். அவர் ஒரு சிறிய பெட்ரோல் காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறார். முகூர்த்த நாட்களில் இரவெல்லாம் ஓட்டம் இருக்கும். அந்தக் கார் ஒருநாள் விடியற்காலையில் கிளம்ப மறுத்தது. அத்தையின் தோட்டை அடகு வைத்து மாமா புதுப் பேட்டரி வாங்கப் புறப்பட்டார். "மாப்ள, நீ சயின்ஸ் படிக்கிறவன், கூட வா" என்றார். பெருமையோடு போனேன்.

கார் பேட்டரி என்பது காரீய-அமிலச் சேமக்கலங்கள் ஆறு தொடராக இணைந்த அடுக்கு ஆகும். 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே அமைத்த கலமே இதற்கு மூதாதை. நேர்த்தகட்டில் காரீய டை ஆக்சைடு, எதிர்த்தகட்டில் கடற்பஞ்சு போன்ற காரீயம், இடையே நீர்த்த கந்தக அமிலம். கலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட், ஆறுக்கும் சேர்த்து 12.6. மின்னிறக்கத்தின்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. மின்னேற்றினால் அது மறைந்து பழைய நிலை திரும்புகிறது. ஆனால் அரைகுறையாகவே ஏற்றிக்கொண்டிருந்தால் அந்தச் சல்பேட் பெரும் படிகங்களாக இறுகிவிடும். பிறகு அதை மீட்பது அரிது. இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். மாமாவின் வண்டிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. (இத்துறைக்கென்றே ஓர் ஆய்வகம் எங்கள் ஊரிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில், காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1953-ஆம் ஆண்டு பொங்கலன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது.)

பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். காரின் உடம்பு முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருப்பதே காரணம். எதிர்முனை மாட்டியிருக்கும்போது நேர்முனையில் வைத்த ஸ்பேனர் உடம்பில் பட்டால் குறுக்குச்சுற்று உண்டாகும், பொறி பறக்கும். மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வெளிப்படும் பொருள் இது, பொறி ஆகாது.

மாட்டி முடித்ததும் சில்லறைத் தொல்லைகள் வந்தன. கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. ரேடியோ நிலையங்களை மறந்தது. என்ஜின் நின்ற நிலையில் சற்றே தடுமாறியது. மின்சாரம் அறுந்தபோது வண்டியிலுள்ள கணிப்பொறி தான் கற்று வைத்திருந்ததை இழந்துவிட்டது. சிறிது தூரம் ஓட்டியதும் சரியாயிற்று. பழைய அம்பாசிடரில் இந்தத் தொல்லை கிடையாது என்று மாமா அலுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் இரவு, பட்டுக்கோட்டையில் பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்ட பிறகு வண்டி மீண்டும் படுத்துவிட்டது. மணி மூன்று. அவர்கள் வேறு வண்டி பிடித்துப் போனார்கள். வாடகையும் போயிற்று, மறுமுறை அவர்கள் அழைப்பார்கள் என்ற நம்பிக்கையும் போயிற்று. "பேட்டரிதான் மோசம்" என்று நான் அடித்துச் சொன்னேன். கடையில் போய் வாதமும் செய்தேன். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் அதை மின்னேற்றி, சுமை கொடுத்துச் சோதித்துக் காட்டினார். பேட்டரி நன்றாக இருந்தது. வீடு திரும்பும் வரை மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவரிடம் மல்டிமீட்டர் இரவல் வாங்கினேன். முதலில் கசிவு உண்டா என்று பார்த்தேன். வண்டியை அணைத்துப் பூட்டி, எதிர்முனைக்கும் அதன் கம்பிக்கும் நடுவே மீட்டரைத் தொடராக வைத்தபோது 0.03 ஆம்பியர் காட்டியது. நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி வற்ற ஒன்றரை மாதம் ஆகும். ஆகவே திருடன் அங்கே இல்லை.

என்ஜினை ஓடவிட்டுப் பேட்டரியில் அளந்தேன், 13.9 வோல்ட். குறை தெரியவில்லை. ஆனால் மாமா ஓட்டுவதோ இரவில். முகப்பு விளக்கையும் விசிறியையும் போடச் சொன்னேன். ஆல்டர்னேட்டரின் முனைகளில் 14.1, பேட்டரியில் 13.2! ஏறத்தாழ ஒரு வோல்ட் வழியில் எங்கோ போய்விட்டது. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறு முனையை என்ஜினின் இரும்பிலும் வைத்து, மாமாவைச் சாவி திருப்பச் சொன்னேன். நல்ல இணைப்பானால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டியது 2.3!

காரின் உடம்பையும் என்ஜினையும் இணைக்கும் பின்னல் செம்புப் பட்டையில் கோளாறு இருந்தது. வண்டி நிற்பது வாய்க்கால் கரையில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில். அதிலும் அடைமழைக் காலம். பட்டை பச்சைக் களிம்பேறி, அடி போல்ட்டு துருப்பிடித்துக் கிடந்தது. ஸ்டார்ட்டர் ஏறத்தாழ 100 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், அங்கிருந்த மின்தடை 0.023 ஓம்தான். ஆய்வகத்தில் இந்த அளவை நாங்கள் பிழையென்று தள்ளிவிடுவோம். ஆனால் 100 ஆம்பியரோடு பெருக்கினால் அது 2.3 வோல்ட். ஓம் விதியை ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதி வருகிறேன். அது ஒருவரின் பிழைப்பைக் கெடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

துருவை உப்புத்தாளால் தேய்த்து, புதுப் பட்டை மாட்டினோம். செலவு சில நூறு ரூபாய். சாவி திருப்பும்போது 0.1 வோல்ட், விளக்கும் விசிறியும் போட்டபோதும் பேட்டரியில் 14.0. அதன் பிறகு வண்டி எங்கும் நிற்கவில்லை.

இரவு சாப்பிடும்போது அப்பாவுக்கு இதை விளக்கினேன். மேட்டூரில் திறந்தாலும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் நம் வயலுக்குத் தண்ணீர் வராதல்லவா, ஆல்டர்னேட்டர்தான் மேட்டூர், பேட்டரி கடைமடை என்றேன். தூர் வாரிய கை அவருடையது, உடனே புரிந்துகொண்டார். சற்று நேரம் சோற்றைப் பிசைந்தபடி இருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்தப் பழைய பேட்டரி கெட்டுத்தான் போயிருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. பல மாதம் அரைவயிற்று மின்னேற்றத்தில் சல்பேட் இறுகிச் செத்திருக்கலாம். பட்டையை மாற்றி முழுதாக ஏற்றியிருந்தால் இன்னும் ஓராண்டு உழைத்திருக்கவும் கூடும். காரீயம் நஞ்சு என்பதால் பழையதைக் கடைக்காரர்களே திரும்பப் பெற வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி செய்திருந்தது; 2022-ஆம் ஆண்டு வரை அது நடப்பில் இருந்தது. மாமாவும் அதைக் கடையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கொடுக்கும் முன் ஒருமுறைகூட நான் அதை அளந்து பார்க்கவில்லை.

அத்தையின் தோடு இன்னும் மீளவில்லை.