கொல்லைக் குளத்தில் கோய் கெண்டையின் முட்டைகளைக் காப்பாற்றும் முறை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் ஏரிப்பாசனக் கிராமங்களுக்கிடையே மோட்டார்த் தொழிற்சாலைகளும் புதிய குடியிருப்புகளும் பெருகிவிட்டன. சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வியாபாரம் செழித்திருப்பதால், கோய் என்னும் ஜப்பானியக் கெண்டையை வாங்கிவந்து கொல்லைக் குளத்திலோ சிமெண்டுத் தொட்டியிலோ விட்டு வளர்ப்பது எளிதாயிற்று. இவ்வாறு வளர்ப்போர் பெரும்பாலும் கூறும் குறை யாதெனில், விடியற்காலையில் மீன்கள் முட்டையிட்டது தெரிந்தும், மறுநாள் குளத்தில் ஒரு முட்டையும் காணப்படவில்லை என்பதே. முட்டைகளைத் தின்றவை அவற்றை இட்ட மீன்களேயாம்.

கோய் என்பது தனி இனமன்று. சாதாக் கெண்டையின் வண்ண வகையே. ஜப்பானில் நீகாத்தாப் பிரதேசத்து யமகோஷி மலைக்கிராமங்களில் நெல் பயிரிட்ட குடியானவர்கள், உணவுக்காக வளர்த்த கெண்டைகளில் நிறம் மாறிப் பிறந்தவற்றைத் தெரிந்தெடுத்துப் பெருக்கினார்கள். 1914-இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகே இம்மீன் வெளியாருக்குத் தெரியலாயிற்று. நமது நாட்டிற்குச் சாதாக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. அவ்வகை குளிர்ந்த மலைநீருக்கே ஏற்றது. சமவெளிக்கு ஏற்ற பாங்காக் வகை 1957-இல் வந்தது. கட்லாவும் ரோகுவும் வெள்ளம் ஓடும் ஆற்றிலன்றித் தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடுவதில்லை. அவற்றிற்கு ஊசிமருந்து வேண்டும். கெண்டையோ நிலைநீரிலேயே முட்டையிடும். கொல்லைக் குளத்தில் இத்தொழில் கைகூடுவது இக்குணத்தாலேயே.

நமது சமவெளியில் கெண்டை ஆண்டு முழுவதும் முட்டையிடக்கூடுமாயினும், தை மாசியிலும் ஆடி ஆவணியிலும் மிகுதியாக இடுகிறது. முதிர்ந்த பெண் மீனின் வயிறு பருத்து மிருதுவாகவும், மலத்துவாரம் சற்றுச் சிவந்து புடைத்தும் இருக்கும். ஆண் மீனின் கன்னமும் மார்புச் சிறகும் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். வயிற்றை இலேசாக அழுத்தினால் பால் போன்ற விந்து கசியும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் போதும். ஆண்கள் அதிகமானால் பெண்ணை ஓயாமல் துரத்தி முட்டிச் செதில்களை உதிர்த்துவிடும். அப்புண்ணில் நோய் பற்றும்.

முட்டையிடுவதற்கெனச் சுத்தம் செய்த ஒரு தொட்டியையோ, குளத்தினுள் நான்கு மூலையிலும் கழி நட்டுக் கட்டிய கொசுவலைத் துணிப்பெட்டியையோ ஆயத்தம் செய்க. நீர் இரண்டடி ஆழம் இருந்தால் போதும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாதலால், அதை ஒரு நாள் முன்னதாகவே உயரத்திலிருந்து கொட்டி நிரப்பி வைத்தல் நன்று. குளோரின் கலந்த குழாய்நீர் முட்டையையும் குஞ்சையும் கொல்லும். ஆலைக் கழிவு கலக்கும் வாய்க்கால் நீரை எவ்விதத்திலும் சேர்க்கலாகாது.

முட்டைகள் பசைத்தன்மை உடையவை. பற்றிக்கொள்ள ஏதேனும் இல்லாவிடில் அடியில் விழுந்து சேற்றில் அழுகும். வேலம்பாசியை நன்றாக அலசி நத்தைகளையும் பூச்சிகளையும் நீக்கிப் போடலாம். ஆகாயத்தாமரையின் வேரும் உதவும். ஊறவைத்துச் சாயம் போக்கிய தேங்காய் நார்க் கொத்துகள் எல்லாவற்றிலும் சௌகரியமானவை, மறுமுறையும் பயன்படும். மாலையில் மீன்களை விட்டால் பெரும்பாலும் மறுநாள் விடியலில் ஆண்கள் பெண்ணின் வயிற்றை முட்டி முட்டி நார்க்கொத்துகளை நோக்கித் தள்ளும். நீர் கலங்கித் தெறிக்கும். ஒரு கிலோ எடையுள்ள பெண் ஏறக்குறைய ஒரு லட்சம் முட்டைகள் இடும்.

கலவரம் அடங்கியவுடனே தாய்மீன்களை வெளியேற்றிவிட வேண்டும். இதில் அரைநாள் தாமதம் செய்பவனுக்குக் குஞ்சுகள் மிஞ்சா. முட்டைக் கொத்துகளை வேறு தொட்டிக்கு மாற்றுவதானால் இரு நீரின் சூடும் ஒத்திருத்தல் அவசியம். கருவுற்ற முட்டை கண்ணாடிபோல் தெளிந்து இளமஞ்சளாகத் தோன்றும். கருவுறாதது வெண்மையாகி, அதில் பஞ்சு போன்ற பூஞ்சணம் படர்ந்து பக்கத்து நல்ல முட்டைகளையும் கெடுக்கும். வெண்ணிற முட்டைகள் நெருங்கிய நார்த்துண்டுகளைக் கத்தரித்து எறிக. நிழலும் மெதுவான காற்றோட்டமும் வேண்டும். நீர் 28 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை இருந்தால் சுமார் இரண்டு நாளில் குஞ்சு வெளிவரும். 20 டிகிரியாயின் நான்கு நாள் ஆகும்.

வெளிவந்த குஞ்சுகள் இரண்டு மூன்று நாள்வரை நாரிலும் சுவரிலும் ஒட்டித் தொங்கும். வயிற்றிலுள்ள மஞ்சட்கருவே அப்பொழுது ஆகாரம். இரை போட்டால் நீர்தான் கெடும். நீந்தத் தொடங்கியபின் வேகவைத்த முட்டை மஞ்சட்கருவைத் துணியில் வடிகட்டிச் சிறிது சிறிதாக இடலாம். சாணமிட்டுப் பழுத்த குளத்துநீரில் உண்டாகும் நுண்பூச்சிகள் அதனினும் மேல். பின்னர் நிலக்கடலைப் பிண்ணாக்கும் தவிடும் பொடித்து இடுக. தட்டானின் இளம்புழுவும் நீர்ப்பூச்சிகளும் தவளையும் சத்துருக்களாதலால் தொட்டியின்மேல் நெருக்கமான வலை விரிக்க வேண்டும்.

தாய் தந்தையின் நிறம் எல்லாக் குஞ்சுகளுக்கும் வராது. பல குஞ்சுகள் மங்கலாகவே இருக்கும். கழித்தெடுத்த பின் விலைபோகத்தக்கவை சொற்பமே. கழித்தவற்றைக் கோழிக்கோ பெரிய மீன்களுக்கோ இரையாக்கலாம். சொந்தக் குளத்தில் உணவுக்காகவும் வளர்க்கலாம். இரக்கத்தால் ஏரியில் கொண்டுபோய் விடுவது பெருந்தீங்கு. கெண்டை அடிச்சேற்றைத் தோண்டி நீரைக் கலக்கிப் பாசிகளைப் பெயர்த்துவிடும். காச்மீரத்து ஏரிகளில் இது பெருகியபின் உள்நாட்டு மீன்கள் குறைந்துபோயின. செம்பரம்பாக்கம் ஏரியோ சென்னையின் குடிநீர். ஆதலால் கிராம உத்தியோகஸ்தர்கள், ஏரி வரத்துக்கால்களை அடுத்த கொல்லைக் குளங்களை ஐப்பசி மழைக்குமுன் பார்வையிட்டு, வடிகால் வாயில்களுக்கு வலை கட்டும்படி செய்தல் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் போன்ற காலத்தில் நீர் புகுந்த தாழ்ந்த கொல்லைகளில் வலை மட்டும் போதாது. கரையை இரண்டடியேனும் உயர்த்துக.