பன்னிரண்டுதான், தம்பி

சாவகச்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

“50 மெகாபிக்சல் கமரா போனா, 108 மெகாபிக்சல் போனா திறம், சேர்?” என்று கேட்டிருந்தீர். பௌதிகவியல் படித்துப் பேராதனைக்குப் போகிற பிள்ளை கேட்கிற கேள்வியா இது என்று எரிச்சல்தான் வந்தது. கண்டி வீதிக் கடைகளின் விளம்பரங்களைப் பார்த்த பிறகு கொஞ்சம் தணிந்தேன். எல்லாவற்றிலும் அந்த இலக்கத்தைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.

வகுத்துப் பாரும். 50 ஐ 4 ஆல், 108 ஐ 9 ஆல், 200 ஐ 16 ஆல். 12.5, 12, 12.5. விளையாட்டுக் கணக்கல்ல. அந்தக் கமராக்கள் வழமையாகப் படம் எடுக்கும்போது அயற்புள்ளிகளை நான்காகவோ ஒன்பதாகவோ பதினாறாகவோ சேர்த்து ஒன்றாக்கி, ஏறக்குறைய 12 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. ஐபோன் 2015 இன் 6எஸ் தொடங்கி 2021 இன் 13 வரை பிரதான கமராவில் 12 ஐத் தாண்டவேயில்லை. அந்தக் காலத்திலும் கலியாண வீடுகளில் படம் எடுக்க ஐபோன் வைத்திருந்தவரைத்தான் தேடினார்கள்.

ஏன் சேர்க்கவேண்டும்? 108 மெகாபிக்சல் சென்சரில் ஒரு புள்ளியின் அகலம் 0.7 மைக்ரோமீற்றர் அளவு. சிவப்பு ஒளியின் அலைநீளமும் கிட்டத்தட்ட அதுதான்! கோணல் பாடத்தை நினைத்துப் பாரும். வில்லையை எவ்வளவு நேர்த்தியாகத் தீட்டினாலும் நட்சத்திரம் புள்ளியாக விழாது, சிறு வட்டமாக விரிந்துதான் விழும். விட்டம் 2.44 × அலைநீளம் × எப் இலக்கம். பச்சை ஒளிக்கு 0.55, போன் வில்லைக்கு 1.8 என்று போட்டால் 2.4 மைக்ரோமீற்றர் வரும். ஒரே ஒளிப்பொட்டு மூன்று புள்ளி அகலத்துக்கு மேல் பரந்து கிடக்கிறது. அதற்குள் ஒன்பது புள்ளி வைத்தால் என்ன, தொண்ணூறு வைத்தால் என்ன?

இதை 1835 இல் தொலைநோக்கிகளுக்காகக் கணித்தவர் ஜோர்ஜ் எயரி. அவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. 1825 இல் தன் இடக்கண்ணின் குறையைத் தானே அளந்து, அதற்கு உருளை வில்லை கணித்துச் செய்வித்த மனிதர். வெறும் பெட்டிகளுக்கும் ‘வெறும்பெட்டி’ என்று சீட்டெழுதி ஒட்டினாராம். இன்றைய போன் பெட்டிக்கு என்ன சீட்டு ஒட்டியிருப்பாரோ!

அது கிடக்கட்டும். எடுத்த படத்தை எங்கே பார்க்கப்போகிறீர்? 1080 × 2400 திரையில், அதாவது 2.6 மெகாபிக்சலில். வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது தன் பங்குக்குச் சுருக்கிவிடும். ஆகவே இலக்கத்தை விட்டுவிட்டு சென்சரின் பருமனைக் கேளும். பெரிய சென்சர் கூடுதல் ஒளி பிடிக்கும், இரவுத் திருவிழாவில் வித்தியாசம் தெரியும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் உம்முடைய கையெழுத்து நோட்ஸ் தாளொன்றைக் கொண்டுபோய், கடையின் இருண்ட மூலையில் வைத்து இரண்டு போனாலும் எடும். பென்சில் கோடு எதில் தெளிவோ அதை வாங்கும். அப்படியே வாசலுக்கு வந்து, மத்தியான வெயிலில் திரையை வாசிக்க முடிகிறதா என்றும் பாரும். கடைக்குள் எல்லாத் திரையும் பளபளக்கும்.

மற்றவை சுருக்கமாக. 128 ஜிபிக்குக் குறைந்து வாங்கவேண்டாம். பற்றரி 5000 மில்லியம்பியர் மணி இருக்கட்டும். 2022 இல் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டில் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர். ஒருவரும் கேட்காத கேள்வி, எத்தனை வருடம் மென்பொருள் புதுப்பிப்புத் தருவீர்கள் என்பது. 2024 இல் வந்த சாம்சங் ஏ16 போன்ற மலிவுப் போனுக்கே ஆறு வருடம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருடத்தோடு கைவிடுகிற போன் எவ்வளவு மினுங்கினாலும் வேண்டாம்.

கனடா மாமா அனுப்புவதானால் அதிகம் பயமில்லை. 2017 டிசம்பர் 1 முதல் அங்கே போனை ஒரு கம்பனியின் சிம்முக்கு மட்டும் என்று பூட்டாமல்தான் விற்கவேண்டும். அமெரிக்காவிலிருந்து வருகிற ஐபோன் என்றால் கவனம்: 14 தொடக்கம் அங்கே விற்பவற்றில் சிம் போடுகிற தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான்.

இங்கே வாங்கினால் *#06# அழுத்தும். 15 இலக்க எண் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். கடைக்காரர் “அதெல்லாம் தேவையில்லைத் தம்பி” என்பார். பதில் வந்த பிறகு காசைக் கொடும்.

அன்புடன்,
உம்முடைய பௌதிக மாஸ்ரர்