ஓட்டுநர் இல்லாத இரயில்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா நிலையத்தில் 2003ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் முதல் ஓட்டுநரில்லா இரயில்கள் ஓடுகின்றன. வடக்கு கிழக்குப் பாதையில் வேகமும் நிறுத்தமும் கதவு திறத்தலும் கணினியின் பொறுப்பு.

மனிதனுக்கு வேலை இல்லையா எனத் தோட்டத் தோழர்கள் வினவலாம். உண்டு, அதன் தன்மை மாறிவிட்டது. கட்டுப்பாட்டு மையத்தினர் வண்டிகளைத் திரையில் கண்காணிக்கின்றனர். சுரங்கத்தில் வண்டி நின்றால் பயணிகளிடம் பேசுவோர் அவர்களே. தேவைப்படின் பயிற்சி பெற்ற பணியாளர் வண்டியைத் தம் கையால் ஓட்டுவார்.

சிக்கல் இங்கேதான். பொறி நாள்தோறும் தவறாது ஓடினால் காப்பவரின் கவனம் தளரும். ஓட்டாத கை பழக்கம் இழக்கும். நெடுநாள் கத்தி பிடிக்காதவர் பால்மரம் சீவினால் பட்டையைத் தாண்டிக் காயம் படுவதை நாம் அறிவோமன்றோ? ஆதலின், பழுது நேராத நாளிலும் பழுதுக்கான ஒத்திகை தேவை. பொறியும் தன்னால் இயலாததை உடனே, விளங்கும்படி அறிவிக்குமாறு அமைக்கப்பட வேண்டும். பல எச்சரிக்கை மணிகள் ஒருங்கே ஒலித்தால், முதலில் எதைக் கவனிப்பதென்று மையத்தில் இருப்பவர் திகைத்துப் போவார்.